பழனாத்தாள் பல் பிடித்துப் பார்த்த நாற்பது புத்தகங்கள்

குழந்தைகளுக்குக் கதை எழுதும் பெரியவர்களில் முக்கால்வாசிப் பேரைக் கண்டால் எனக்கு ஆகாது. இந்த வெறுப்பு எனக்குத் தானாக வந்ததில்லை. மாட்டுத் தரகர் செங்கோடன் மகள் பழனாத்தாள் கொடுத்தது. அவள் படித்தது அஞ்சாம் வகுப்பு, நான் பி.ஏ. எங்கள் ஊரில் எனக்கு முன்னால் அந்த இரண்டு எழுத்தைப் பேருக்குப் பின்னால் போட்டவன் எவனும் இல்லை. பத்திரத்தில் பெருவிரல் வைத்த என் அப்பன், கிணற்று மேட்டில் மாடு பூட்டிக் கவலையில் தண்ணீர் இறைத்து என்னைப் படிக்கவைத்தார். இதைச் சொல்லிக்கொள்ள எனக்கு வெட்கம் கிடையாது. ஆனால் காலேஜில் நானும் என்னோடு இருந்த முப்பது பேரும் சேர்ந்து, நாலு வருஷத்தில் ஒரே ஒரு புத்தகத்தைக்கூட "இது மட்டம்" என்று வாய் திறந்து சொன்னதில்லை. பரீட்சைக்கு வைத்த புத்தகமெல்லாம் உயர்ந்த புத்தகம் என்று எழுதினோம், மார்க்கு வாங்கினோம். பழனாத்தாளுக்கு மார்க்குப் போட ஆள் இல்லை. அதனால் அவளே போட்டாள்.

எங்கள் ஊர் வெள்ளகோவிலுக்குத் தெற்கே மூன்று மைல். பள்ளிக்கூடம் அஞ்சாம் வகுப்போடு நின்றுவிடும். அதற்கு மேல் ஆண்பிள்ளை காங்கயத்துக்குப் போவான். பெண்பிள்ளை கட்டுத்தரைக்குப் போவாள். பழனாத்தாளும் மாடு கட்டும் இடத்துக்குத்தான் போனாள். அவள் அப்பனுக்கு அதுவே தொழில். சந்தைக்குப் போகிற மாடும், சந்தையிலிருந்து வந்த மாடும் இரண்டு நாள் மூன்று நாள் அவர்கள் வீட்டில் நின்று தண்ணீர் குடித்துவிட்டுத்தான் போகும். பன்னிரண்டு வயசுக்குள் அந்தப் பெண் ஆயிரம் மாட்டு வாயாவது பிளந்து பார்த்திருப்பாள்.

1934இல் பெரியதோட்டத்துக் குமாரசாமிக் கவுண்டருக்கு ஊருக்கு உபகாரம் செய்யவேண்டும் என்று தோன்றிற்று. அவரை நாங்கள் பெரியதோட்டத்தார் என்போம். அவருடைய மருமகன் பட்டணத்தில் இருந்தார். மருமகனுக்கு ஒரு சிநேகிதர். அந்தச் சிநேகிதர் குழந்தைகளுக்கு நாவல் எழுதி, தாமே அச்சுப்போட்டு, தாமே ஒரு மாசப் பத்திரிகையும் நடத்துகிறவர். மழலைப்பிரியன் என்று பெயர். பெற்றவர்கள் வைத்த பெயர் என்னவோ, யாருக்கும் தெரியாது. அவரிடமிருந்து நாற்பது புத்தகம் ஒரு தேவதாருப் பெட்டியில் வந்தது. நாற்பதில் முப்பத்தொன்று அவரே எழுதியது. சாவடியில் ஓர் அறையைக் கூட்டிப் பெருக்கி, "வாசகசாலை" என்று பலகை மாட்டி, வேலை கிடைக்காமல் வீட்டில் இருந்த என்னைக் காரியதரிசி ஆக்கினார் பெரியதோட்டத்தார். "பெட்டி உன் பொறுப்பு. முழுப் பாத்தியமும் உனக்கே" என்று ஊர் கூடியிருக்கும்போது சொன்னார். இதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

முதல் வாரம் இருபது பேர் வந்தார்கள். மூன்றாவது வாரம் இரண்டு பேர். அதற்கப்புறம் பழனாத்தாள் ஒருத்திதான். வாரத்துக்கு ஒரு புத்தகம் எடுத்துப்போவாள். திருப்பித் தரும்போது ஒரு சொல் பேசமாட்டாள். ஒரு நாள் புத்தகத்தோடு அவளுடைய பழைய நோட்டு ஒன்றும் தவறி வந்துவிட்டது. பிரித்துப் பார்த்தேன். பிரித்தது தப்புத்தான். ஆனால் பி.ஏ. வகுப்பில் கிடைக்காத படிப்பு அதில் இருந்தது.

அவளுக்கு விமரிசனம் என்றால் என்னவென்று தெரியாது. மாடு பார்க்கத் தெரியும். ஆகவே ஒவ்வொரு புத்தகத்துக்கும் பெயர் எழுதி, கீழே பல், சுழி, நடை என்று மூன்று போட்டிருந்தாள். பல் பார்த்தால் மாட்டின் வயசு தெரியும். சுழி பார்த்தால் மாடு வாங்குகிறவன் குடும்பத்துக்கு என்ன வரும் என்று தெரியும் என்பார்கள். நடை பார்த்தால் உழுமா, ஏமாற்றுமா என்று தெரியும்.

"நற்குண நடராஜன். சுழி: பாடைச் சுழி. மூணாம் பக்கத்துலயே அம்மா செத்துப்போறா. இந்த ஆள் எழுதினதுல இதுவரைக்கும் படிச்ச பன்னெண்டுல ஒன்பதுல அம்மா செத்துப்போறா. செத்தாத்தான் பையன் நல்லவன் ஆவானாட்ட இருக்குது. அந்த நடராஜன் அம்மாகிட்ட ஒரு திட்டுக்கூட வாங்கினதில்லை. திட்டு வாங்காதவன் அழுதா எனக்கு அழுகை வரலை."

"வைரமலை மர்மம். பல்: கெழடு. கொம்பு சீவி, எண்ணெய் தடவி, இளசு மாதிரி கொண்டாந்து நிறுத்தியிருக்குது. போன மாசம் படிச்ச முத்துத்தீவு மர்மந்தான் இது. தீவை மலையாக்கி, படகைக் குதிரையாக்கி, திருடனுக்கு மட்டும் அதே மீசையை விட்டுப்போட்டாங்க."

"பணிவுள்ள பங்கஜம். காலையில நாலு மணிக்கு எந்திரிச்சுச் சாணி எடுத்துட்டு, ஆகா என்ன ஆனந்தம்னு பாட்டுப் பாடறா. பங்கஜம் சாணி எடுத்ததில்லை. எழுதினவரும் எடுத்ததில்லை. சாணி மட்டும் பாவம், நடுவுல மாட்டிக்கிச்சு."

எல்லாவற்றிலும் அவள் நீளமாக எழுதியிருந்தது "வீரக்காளை வெள்ளையன்" என்ற நாவலைப் பற்றித்தான். காங்கயம் காளை ஒன்றும் அதை வளர்த்த சிறுவனும் பற்றிய கதை. அட்டையில் மூன்று வர்ணப் படம், விலை எட்டணா. மழலைப்பிரியனுக்குப் பேர் வாங்கிக் கொடுத்ததே அந்தப் புத்தகம்தான் என்று முன்னுரையில் அவரே எழுதியிருந்தார். பழனாத்தாள் எழுதியது இது: "கன்னு பொறக்கும்போதே பால் மாதிரி வெள்ளையாப் பொறக்குதாம். நம்ம கன்னு செவலையாப் பொறந்து, ஆறு மாசத்துலதான் நெறம் மாறும். இந்தக் கன்னுக்குப் பட்டணத்துல சுண்ணாம்பு அடிச்சுட்டாங்க. அப்புறம் புலி வாரப்போ வெள்ளையன் மேல்வரிசைப் பல்லைக் காட்டிச் சீறுதாம். மாட்டுக்கு மேல முன்னம்பல்லு ஏது? இது மாடு இல்லை. நாய்க்குக் கொம்பு வெச்சது."

படித்துவிட்டு நான் தனியாக உட்கார்ந்து சிரித்தேன். சிரித்து முடித்தபோது கொஞ்சம் உறுத்தலாகவும் இருந்தது. அந்தப் புத்தகத்தை நானும் படித்திருந்தேன். காங்கயம் சீமையில் பிறந்து, கட்டுத்தரையில் தவழ்ந்து வளர்ந்தவன். மேல்வரிசைப் பல் என் கண்ணில் படவே இல்லை. அச்சில் இருந்ததால் சரியாகத்தான் இருக்கும் என்று விட்டிருக்கிறேன்.

நோட்டில் ஒரே ஒரு புத்தகத்துக்குத்தான் நல்ல வார்த்தை இருந்தது. பெட்டியின் அடியில் கிடந்த புத்தகம். அட்டை இல்லை, முதல் நாலு பக்கம் இல்லை, யார் எழுதியது, என்ன பெயர், ஒன்றும் தெரியாது. இடம் நிரப்ப யாரோ திணித்தது. ஒரு பெண் ஆட்டைத் தொலைத்துவிடுகிறாள், கதை முழுக்கத் தேடுகிறாள், ஆடு கிடைப்பதில்லை. வீட்டுக்கு வந்து அடி வாங்குகிறாள். மறுநாள் காலையில் பழக்கத்தில் கயிற்றை எடுத்துக்கொண்டு வெளியே வந்துவிட்டு, நிற்கிறாள். அவ்வளவுதான். அதற்குக் கீழே பழனாத்தாள் எழுதியிருந்தாள்: "நடை சுத்தம். பல்லுப் பாக்க மறந்துட்டேன்."

அந்த வாரமே அந்தப் புத்தகத்தோடு வந்து நின்றாள்.

"ஏனுங்ணா, இது எனக்கு வேணுமுங்க."

"எடுத்துட்டுப் போ அம்மிணி. படிச்சுட்டுக் கொண்டா."

"மூணு தடவை படிச்சுப்போட்டேனுங்க. எனக்கே வேணும்."

"வாசகசாலைப் புஸ்தகம். விக்கறதில்லை."

"இப்ப விக்க வேண்டாமுங்க. என்னைக்கு விக்கறீங்களோ அன்னைக்கு எனக்குத்தான். அச்சாரம் வெச்சுக்கங்க."

இடுப்பு மடியிலிருந்து ஒரு வெற்றிலை, ஒரு பாக்கு, ஒரு காலணா எடுத்து மேசைமேல் வைத்தாள். மாட்டுக்கு அச்சாரம் வைக்கிற முறை அதுதான். வாங்கிக்கொண்டால் வேறு ஒருவனுக்கு அந்த மாட்டைக் கொடுக்கக்கூடாது. நான் சிரித்துக்கொண்டே எடுத்து மேசை இழுப்பறைக்குள் போட்டேன்.

"சிரிச்சுக்கங்க. வாங்கிட்டீங்க" என்று சொல்லிவிட்டுப் போனாள்.

அடுத்த வருஷம் பங்குனி மாசத்தில் பெரியதோட்டத்தார் என்னைக் கூப்பிட்டுவிட்டார். மழலைப்பிரியன் கோயமுத்தூருக்கு மில்லுக்காரர்களிடம் சந்தா சேர்க்க வருகிறாராம். வழியில் எங்கள் ஊருக்கு வந்து வாசகசாலையைப் பார்க்கப்போகிறாராம்.

"தடபுடலாச் செஞ்சுபோடணும். புஸ்தகத்தைப் படிச்ச கொழந்தை ஒண்ணு எந்திரிச்சு அபிப்பிராயம் சொல்லோணும். படம் எடுத்துப் பத்திரிகையில போடுவாராம். நல்லபடியா நடந்தா இன்னொரு பெட்டி வருது. நாப்பது புஸ்தகம். நடக்கலைன்னா, இந்தப் பெட்டியையும் எடுத்து என்ற மச்சான் ஊருக்குக் குடுத்துப்போடுவேன். அங்க கேட்டுட்டே இருக்கறாங்க."

படித்த குழந்தை என்று ஊரில் இருந்தது ஒருத்திதான். அவள் நோட்டு எனக்குத் தெரியும். ஆகவே அபிப்பிராயத்தை நானே எழுதினேன். "அமுதத் தமிழில் எங்கள் பிஞ்சு நெஞ்சங்களைக் கொள்ளைகொண்ட வள்ளலே" என்று ஆரம்பித்தேன். நாலு வருஷக் காலேஜுப் பழக்கம். கை தானாக ஓடிற்று. எழுதியதைக் கொண்டுபோய்க் கட்டுத்தரையில் அவளிடம் கொடுத்தேன். கூளம் அள்ளிப் போட்டுக்கொண்டிருந்தவள் கையைத் துடைத்துவிட்டு வாசித்தாள்.

"இதை யாருங்ணா சொல்றது?"

"நீதான்."

"நான் எப்பங்க சொன்னேன்?"

"நாளை மறுநாள் சொல்லப்போறே."

மறுபடி வாசித்தாள். "பிஞ்சு நெஞ்சம்னா கத்திரிப்பிஞ்சாட்டவா?"

"வேடிக்கை பண்ணாதே அம்மிணி. இன்னொரு பெட்டி வேணுமா, வேண்டாமா? இதைச் சொல்லலைன்னா இருக்கற பெட்டியும் போயிரும்."

கூளக்கூடையை அப்படியே வைத்துவிட்டு நின்றாள். நாற்பதையும் அவள் படித்தாயிற்று; முப்பத்தொன்பதைக் காறித் துப்பியும் ஆயிற்று. ஆனால் பெட்டி போய்விட்டால் ஏழு மைல் சுற்றுவட்டத்தில் அவள் கைக்கு எட்டக்கூடிய எழுத்து, மாட்டுச் சந்தை நோட்டீசு மட்டும்தான். அது அவளுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். அதை வைத்துத்தான் நான் அவளை மடக்கினேன்.

"அந்தப் பெட்டியும் அவரே எழுதினதுதானுங்களா?"

"பெரும்பாலும்."

"அடியில ஏதாச்சும் கெடக்குமுங்களா? இடம் நெரப்பறதுக்கு?"

"கெடக்கலாம்."

"செரிங்ணா" என்றாள். காகிதத்தை மடித்து இடுப்பில் செருகிக்கொண்டாள்.

மழலைப்பிரியன் வந்தார். பட்டு ஜிப்பா, தங்க பிரேம் மூக்குக்கண்ணாடி, கழுத்தில் ஒரு காமிராப்பெட்டி மாட்டிய உதவியாளர். குழந்தைகளைப் பார்த்ததும் அவருக்குக் குரல் மாறிவிட்டது. "வாங்கோடா கண்ணுகளா! மாமா வந்துட்டேன் பாரு!" என்று கொஞ்சினார். எங்கள் ஊர்ப் பிள்ளைகள் கொஞ்சலுக்குப் பழகினவை அல்ல. ஒரு பயல் பயந்து அழுதேவிட்டான். சாவடிக்கு முன்னால் பந்தல். கூட்டத்தில் முக்கால்வாசி மாட்டுக்காரர்கள். சித்திரையில் கண்ணபுரம் சந்தை வருகிறதென்று வெளியூர்த் தரகர்களும் நாலைந்து பேர் வந்திருந்தார்கள்.

பழனாத்தாள் எழுந்து காகிதத்தை வாசித்தாள். ஒரு சொல் விடாமல், ஒரு சொல்லுக்கும் உயிர் கொடுக்காமல், சந்தை ஏலக் கணக்கை ஒப்பிக்கிறமாதிரி வாசித்து முடித்தாள். பெரியதோட்டத்தார் கை தட்டினார். எனக்கு மூச்சு வந்தது. அதோடு விட்டிருந்தால் இரண்டாவது பெட்டி வந்திருக்கும். நானும் இதை எழுதவேண்டியிருந்திருக்காது.

புகழ்ச்சிக்கு அலைகிறவனுக்கு எழுதிவைத்த புகழ்ச்சி போதாது.

"ரொம்ப அழகா வாசிச்சே கண்ணு! ஆனா இது பெரியவா யாரோ எழுதிக் கொடுத்தது, இல்லையா?" என்று என்னைப் பார்த்துக் கண்ணைச் சிமிட்டினார். "உன் மனசுலேருந்து சொல்லு. நம்ம வெள்ளையன் இருக்கானே, வீரக்காளை! அவனைப் பத்தி நீ என்ன நினைக்கறே? அவனுக்கு என்ன மதிப்புப் போடுவே?"

பழனாத்தாள் காகிதத்தை மடித்தாள்.

"பயப்படாதே. மாமாகிட்டே சொல்லு."

அவள் திரும்பி அவள் அப்பனைப் பார்த்தாள். "அப்பா, துண்டைக் குடுங்க."

செங்கோடன் தோளிலிருந்த துண்டை எடுத்து நீட்டினார். கூட்டத்தில் ஒரு சலசலப்பு. எங்கள் பக்கம் மாட்டுக்கு விலையை வாயால் பேசுவது கிடையாது. இரண்டு பேரும் துண்டுக்கு அடியில் கையைக் கோத்துக்கொண்டு, விரலைப் பிடித்து விலை சொல்வார்கள். ஒரு விரல் ஒன்று; அது ரூபாயா அணாவா என்பதைச் சரக்கே சொல்லிவிடும். விரலை நடுவில் மடக்கினால் அரை. மட்டமான மாட்டை மட்டம் என்று நாலு பேர் முன்னால் சொல்லி, கொண்டுவந்தவன் மானத்தை வாங்கக்கூடாதே என்றுதான் அந்தத் துண்டு. அந்தப் பெண் அவருக்கு மரியாதை செய்தாள். என்னால் இன்றைக்கும் சத்தியம் பண்ணமுடியும், மரியாதைதான் செய்தாள்.

"ஓ! கிராமிய வழக்கம்!" என்று பூரித்துப்போனார் மழலைப்பிரியன். "படம் எடுப்பா, படம் எடு!" உதவியாளர் காமிராவைத் தூக்கினார். துண்டுக்குக் கீழே கை போயிற்று. வந்தது.

அவர் தம் கையையே திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு எல்லோருக்கும் தெரிகிறமாதிரி உயரத் தூக்கி, "சுண்டுவிரலைப் பிடிச்சா, பாதியில மடக்கினா! இதுக்கு என்ன அர்த்தம்?" என்று கேட்டார்.

பந்தலே குலுங்கிற்று. வெளியூர்த் தரகர் ஒருவருக்குப் புரையேறிவிட்டது. "கொளம்பு தேஞ்ச மாட்டுக்குக்கூட முழு விரலைப் புடிப்பாங்களே!" என்று பின்னாலிருந்து ஒரு குரல்.

பெரியதோட்டத்தார் முகம் கறுத்தது. "செங்கோடா, என்னய்யா அது? சொல்லு!"

செங்கோடன் கையைக் கட்டிக்கொண்டார். "ஏனுங்க பெரியதோட்டத்துக்காரரே, துண்டுக்கு அடியில நடந்ததை நான் வெளியில சொன்னா, நாளைக்கு எவன் எங்கிட்ட மாட்டைக் கொண்டாருவான்? நீங்களே கொண்டாருவீங்களா?"

"அட, நானே கேட்கறேன்! சொல்லட்டுமே!" என்றார் மழலைப்பிரியன். இன்னும் அவருக்கு அது பாராட்டாக இருக்கும் என்ற நம்பிக்கை போகவில்லை.

"கொண்டாந்தவரே கேட்டா சொல்லலாமுங்க" என்றாள் பழனாத்தாள். "அரையணாங்க."

"எட்டணாப் புஸ்தகம் குழந்தை!"

"ஆமாங்க. அட்டை நல்லா இருக்குதுங்க. காயிதமும் கெட்டி. அதுக்குத்தான் அரையணா."

அவர் சிரிக்கப் பார்த்தார். "கதைக்கு?"

"கதையில இருக்கறது மாடு இல்லீங்களே. செவலையாப் பொறக்கறது வெள்ளையாப் பொறக்குது. இல்லாத மேல்பல்லைக் காட்டுது."

"கதைதானே கண்ணு! குழந்தைகள் இதையெல்லாம் யாரும் கவனிக்கமாட்டா."

"கவனிக்கமாட்டாங்கன்னு நெனச்சுத்தானுங்க எங்க சந்தையிலயும் சிலபேரு கெழட்டு மாட்டுக்குக் கொம்பு சீவறது" என்றாள் பழனாத்தாள். அதைக் கோபமாகச் சொல்லவில்லை. தெரியாதவருக்குத் தகவல் சொல்கிற குரலில் சொன்னாள். துண்டை நாலாக மடித்து அப்பன் தோளில் போட்டுவிட்டு உட்கார்ந்துகொண்டாள்.

அதற்கப்புறம் அங்கே இளநீர் குடித்தவர் யார், குடிக்காதவர் யார் என்று எனக்குத் தெரியாது. மழலைப்பிரியனின் வாடகைக் கார் கிளம்பும்போது, "கல்விக்கேற்ற மண் இல்லை" என்று பெரியதோட்டத்தாரிடம் சொன்னது மட்டும் காதில் விழுந்தது. மண்ணைப் பற்றி அவருக்கு என்ன தெரியும்? மாட்டைப் பற்றித் தெரிந்த அளவுதான் இருக்கும்.

சாயங்காலம் அவள் வீட்டுப் பக்கம் போனேன். "சொல்லாம இருந்திருக்கலாமே அம்மிணி. பெட்டி போச்சே" என்றேன். தொட்டியில் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தாள். நிமிரவில்லை.

"நீங்க எழுதினதை வாசிச்சப்பவே எனக்கு நாக்குல புண்ணு வந்தாப்பல இருந்துச்சுங்ணா. செரி, பெட்டிக்காகன்னு வாசிச்சுப்போட்டேன். மறுக்கா அவரே மதிப்பென்னன்னு கேட்டா? மாட்டைக் காட்டி மதிப்புக் கேட்டா எங்கூட்டுல பொய் சொல்றதில்லீங்க." குடத்தைக் கீழே வைத்துவிட்டு, "நாளைக்கே எடுத்துருவாங்களா?" என்று கேட்டாள். அப்போதுதான் குரல் இறங்கிற்று.

மறுநாளே எடுத்தார்கள். பெரியதோட்டத்தார் தாமே வண்டியோடு வந்தார். பெட்டியைத் திறந்து ஒவ்வொன்றாகச் சரிபார்க்கச் சொன்னார். சாவடி வாசலில் பத்துப் பேர் நின்றார்கள். செங்கோடனும் மகளும் அவர்களில் இருந்தார்கள். நான் முப்பத்தொன்பதை எடுத்து அடுக்கினேன். நாற்பதாவதைக் கையில் எடுத்தேன். அட்டையில்லாதது. அவள் அதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். மற்ற முப்பத்தொன்பதில் ஒன்றைக்கூட அவள் பார்க்கவில்லை.

மூன்று நாளைக்கு முன்னால் அவளுக்கு நான் எழுதிக் கொடுத்த காகிதம் ஞாபகம் வந்து உறுத்திற்று. மேசை இழுப்பறையை இழுத்தேன். காய்ந்து சுருண்ட வெற்றிலை, பாக்கு, காலணா, மூன்றும் அப்படியே கிடந்தன. எடுத்து மேசைமேல் வைத்தேன்.

"இது வராதுங்க. இதுக்கு அச்சாரம் வாங்கியாச்சு" என்றேன்.

"என்ற புஸ்தகத்துக்கு நீ யாருடா அச்சாரம் வாங்கறதுக்கு?"

"காரியதரிசிங்க. பெட்டி என் பொறுப்பு, முழுப் பாத்தியமும் எனக்கேன்னு இதே சாவடியில நீங்கதான் சொன்னீங்க. இங்க நிக்கறவங்கல்லாம் அன்னைக்கும் நின்னாங்க."

"காலணாதானே? திருப்பிக் குடுத்துப்போடு."

செங்கோடன் ஒரு கனைப்புக் கனைத்தார். "அச்சாரத்தைத் திருப்பறதுன்னா, வெச்சவங்க சம்மதிக்கோணுமுங்க."

எல்லோரும் பழனாத்தாளைப் பார்த்தார்கள்.

"சம்மதமில்லீங்க" என்றாள்.

பெரியதோட்டத்தார் என்னை முறைத்தார், அவளை முறைத்தார், அப்புறம் வாசலில் நின்றவர்களைப் பார்த்தார். இன்னும் பதினைந்து நாளில் கண்ணபுரம் சந்தை. அவர் கட்டுத்தரையில் நாலு ஜோடி விலைக்கு நின்றது. அச்சாரத்தை மீறினவர் என்ற பேர் சந்தைக்கு அவருக்கு முன்னால் போய்ச்சேர்ந்துவிடும். அந்த எட்டு மாட்டுக்கும் அப்புறம் யாரும் துண்டு நீட்டமாட்டார்கள். பி.ஏ. படித்தவன் வாதத்துக்கு அவர் மசியவில்லை. அப்படி நான் ஒருநாளும் சொல்லிக்கொண்டதில்லை. காய்ந்த வெற்றிலைக்குத்தான் மசிந்தார்.

"தலையும் இல்லை, வாலும் இல்லை. இந்தக் குப்பைக்கா இத்தனை பேச்சு? எடுத்துத் தொலையட்டும்" என்று சொல்லிவிட்டு வண்டியில் ஏறினார். நான் புத்தகத்தை அவளிடம் நீட்டினேன். வாங்குமுன் இரண்டு கையையும் பாவாடையில் துடைத்துக்கொண்டாள். பாக்கி விலை என்ன என்று கேட்டாள். ஒன்றும் இல்லை என்றேன். "அப்படீன்னா காலணாவுக்குக் கெடச்சுதுன்னு வெளியில சொல்லாதீங்ணா. இந்தப் புஸ்தகத்துக்கு அது கொறச்சல்" என்றாள்.

இரண்டு மாசம் கழித்து மழலைப்பிரியனின் பத்திரிகை எனக்குத் தபாலில் வந்தது. காரியதரிசி என்ற முறையில் அனுப்பியிருந்தார்கள். நடுவில் வழவழப்பான கெட்டித்தாளில் ஒரு பக்கம் முழுக்கப் படம்: பட்டு ஜிப்பாவும் பழனாத்தாளும், நடுவில் துண்டு. கீழே எழுதியிருந்தது: "வீரக்காளை வெள்ளையனைப் படித்து ஆனந்தக் கண்ணீர் வடித்த கொங்குநாட்டுச் சிறுமி, ஆசிரியரின் கரம்பற்றி நன்றி கூறுகிறாள்."

எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. அதைத் தூக்கிக்கொண்டு செங்கோடன் வீட்டுக்கு ஓடினேன். கண்டித்து ஒரு கடிதம் எழுதவேண்டும், இங்கிலீஷிலேயே எழுதவேண்டும் என்று வழியெல்லாம் வாக்கியம் கட்டிக்கொண்டு போனேன்.

பழனாத்தாள் படத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். அடியில் இருந்ததை வாசித்தாள்.

"துண்டு மட்டும் நெசமுங்ணா" என்றாள்.

பிறகு அந்தத் தாளைக் கட்டைவிரலால் தடவிப் பார்த்தாள். சுண்டிப் பார்த்தாள். "கெட்டியா இருக்குது. இது உங்களுக்கு வேணுமுங்களா?"

"எனக்கெதுக்கு?"

பத்திரிகையிலிருந்து அந்த ஒரு தாளைக் கிழியாமல் எடுத்தாள். உள்ளே போய் அந்த அட்டையில்லாத புத்தகத்தையும் கோணி ஊசியையும் கொண்டுவந்தாள். படம் உள்பக்கம் போகும்படி தாளை மடித்து, புத்தகத்தின்மேல் வைத்து, சணல் நூலைக் கோத்தாள். மூக்கணாங்கயிறு கோக்கிற கை. மூன்றே தையலில் அட்டை நின்றுவிட்டது. வெளிப்பக்கம் வெறும் வெள்ளை.

"பேரு என்னன்னு எழுதப்போறே?" என்று கேட்டேன்.

"எனக்கெப்படீங்க தெரியும்? மொத நாலு பக்கமும் இல்லையே" என்றாள். நூலைப் பல்லால் கடித்து அறுத்தாள்.